1200 வாட்ஸும் ஒரு மாருதியும்!

டிக்... டிக்... டிக்... டிக்...

ராத்திரி மூணேகால் மணிக்கு என் காரிலிருந்து வந்த சத்தம் அவ்வளவுதான். மூன்று நாளைக்கு முன்புதான் அதே காரிலிருந்து தெரு முழுக்க அதிர்கிற மாதிரி சத்தம் வந்திருந்தது. 12 இன்ச் ஊஃபர் ஸார்! டிக்கி மூடி தனியாக ஆட்டம் போடும். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி கூடவே தாளம் போடும்.

ஆனால் அந்த ராத்திரி எதிர்வீட்டு மாமாவின் மருமகளுக்குப் பிரசவ வலி. பையன் துபாயில். 108-க்குச் சொல்லியாயிற்று. இருந்தாலும், வாசலிலேயே ஒரு கார் நிற்கும்போது ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க யாருக்கு மனம் வரும்? மாமா என் கதவைத் தட்டினார். நான் வீரமாக லுங்கியோடு ஓடிவந்து சாவியைத் திருகினேன்.

டிக்... டிக்...

"என்னப்பா ஆச்சு?" என்றார் மாமா.

"பாட்டரி மாமா..."

"அன்னிக்கு அவ்ளோ சத்தம் போட்டுதே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து அந்தப் பெண்ணையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு போனது. மாமாவும் நானும் தெருவில் நின்றோம், நடுவில் 1200 வாட்ஸ் காரோடு. அந்த இருபது நிமிடமும் மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மரக்காணம் தெரியுமில்லையா? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் கடப்பாக்கம் தாண்டியதும், இரண்டு பக்கமும் கண்ணாடி உடைத்துப் போட்ட மாதிரி உப்பளங்கள் மின்னும். "ஆ... ஃபோட்டோ எடு!" என்று பாதிப் பேர் வண்டியை நிறுத்துகிற இடம். அதுதான் எங்கள் ஊர். பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற பகுதி. சங்க நூல் சொல்கிற எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். நமக்கு அந்தப் பெருமையெல்லாம் விருந்தாளி வரும்போது மட்டும்தான் ஞாபகம் வரும்.

எனக்குப் புதுச்சேரியில் ஆபீஸ், பஸ்ஸில் போய் வருகிறேன். கார் என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கும் கோயில், கல்யாணத்துக்கும். திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரரிடமிருந்து வாங்கிய 2011 மாடல் மாருதி 800. (2010 ஏப்ரலில் புகை விதி மாறியபோது சென்னை உள்பட 13 நகரங்களில் இந்த வண்டி விற்பனை நின்றது. எங்களை மாதிரி ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றுவிட்டது.) 1983 டிசம்பர் 14-ந் தேதி இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த வண்டியின் கடைசிப் பேரன்களில் ஒன்று என்னுடையது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், பானெட்டைத் திறந்தால் செங்கல் சைஸுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு 35 ஆம்பியர்-அவர் பாட்டரி.

இந்த வண்டியில்தான் நான் போனஸ் பணத்தைக் கொண்டுபோய் ஒரு சினிமா தியேட்டரை ஏற்றினேன்.

கடை எது என்று கேட்காதீர்கள். கடைக்காரப் பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. "அண்ணே, 1200 வாட்ஸ்ணே!" என்று அவன் சொன்னபோது, "எங்கேயிருந்து தம்பி அந்த 1200 வரும்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆபீஸில் ஒரு பேனா வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கிற ஆள் நான்! இங்கே கேட்காமல் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கினேன்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் போனதும் மாமா நடந்தே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அப்போதுதான் உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று தெருமுனையில் திரும்பியது. எங்கள் ஊரில் அந்த நேரம் விடியற்காலை மாதிரிதான். வெயிலுக்கு முன்னே உப்பு வார ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். டிரைவர் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் இறங்கினார். ஜம்ப்பர் ஒயர் அவரிடம் இருந்தது. நான் அவசரமாக அதை வாங்கி லாரி பாட்டரியின் இரண்டு முனையிலும் மாட்டப் போனேன்.

"டேய் டேய்... கையை எடு!"

எடுத்தேன்.

"இது இருபத்தி நாலு வோல்ட்டுப்பா. ரெண்டு பன்னெண்டு வோல்ட் பாட்டரியை வரிசையா கட்டி வெச்சிருக்கு. நேரா கொடுத்தா உன் வண்டி கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபையர், எல்லாம் கருகிடும். எர்த்து பக்கம் இருக்கிற பாட்டரியில மட்டும் எடு."

அப்படியே ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கொடுத்தார். செல்ஃப் எடுத்தது. மாமாவை வழியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பொழுது விடியவில்லை. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நான் மட்டும்தான் நலமில்லை.

திரும்பி வரும்போது டிரைவர் அண்ணன் சொன்ன ஒரு விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது: "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு நெனச்சியா? பழைய கார்புரேட்டர் வண்டின்னா தள்ளலாம். உன்னுது இன்ஜெக்ஷன். பெட்ரோல் பம்பு ஓடவும் கம்ப்யூட்டர் முழிக்கவும் கொஞ்சமாவது கரன்ட் வேணும். சுத்தமா செத்த பாட்டரின்னா ஊரே தள்ளினாலும் வராது."

இன்னொரு விஷயம். உப்பு விற்கப் போன உமணர்கள், போகிற வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அவ்வையார் புறநானூற்றுப் பாட்டில் இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் உப்பு வண்டிக்காரனுக்கு இருந்த புத்தி, உப்பளத்தூரில் குடியிருக்கிற எனக்கு இல்லை. டிக்கியில் ஜம்ப்பர் ஒயர் வைக்க இடமில்லை ஸார்... அங்கே ஊஃபர் பெட்டி இருந்தது!

மறுநாள் லீவு போட்டேன். எங்கள் தெருவிலேயே ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கிளாம்ப் மீட்டரோடு வந்தார். சாவியைக் கழற்றி, கதவையெல்லாம் சாத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற ஒயரைக் கவ்விப் பார்த்தார்.

0.7 ஆம்பியர்.

"வண்டி தூங்குது. இவன் மட்டும் முழிச்சிட்டிருக்கான் பாரு" என்றார்.

ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதற்கும் தூங்க வைப்பதற்கும் ஸ்டீரியோவிலிருந்து ஒரு மெல்லிய நீல ஒயர் வரும். ரிமோட் ஒயர் என்பார்கள். ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிஃபையரும் அணைய வேண்டும். என் வண்டியில் அந்த முனையை நேராக பாட்டரி லைனிலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். ராத்திரி பகல் அது விழித்தே இருந்தது. டிக்கியில் அழகாக ஒரு நீல விளக்கு எரிவதைப் பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்று நானே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்! அந்த விளக்குதான் என்னைக் கவிழ்த்தது.

கணக்கைப் பாருங்கள். வெள்ளி ராத்திரி எட்டரைக்கு வண்டியை நிறுத்தினேன். சனி, ஞாயிறு பஸ்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம். திங்கள் விடியற்காலை மூணேகால் வரை சுமார் 55 மணி நேரம். 55-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 38.5 ஆம்பியர்-அவர். பாட்டரியில் இருப்பதே 35! போதாததற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பளக் கரையில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நண்பர்களோடு ஒரு மணி நேரம் கச்சேரி. பிறகு வீட்டுக்கு ஓட்டியது இரண்டே கிலோமீட்டர். இறங்கியதை ஏற்ற அது எந்த மூலைக்கு?

எலெக்ட்ரீஷியன் அண்ணன் பாட்டரி மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாய் ஒன்றை விட்டு ஆசிட்டை உறிஞ்சினார். உள்ளே ஒரு மிதவை. இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகும் 1.14-ல் நின்றது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா கிட்டே வந்தார். முப்பது வருஷம் அளத்தில் மேஸ்திரியாக இருந்தவர்.

"இது என்னப்பா, நாங்க டிகிரி பாக்குற குழாயோட தம்பி மாதிரி இருக்கு?"

தம்பியேதான்! உப்பளத்தில் பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரைக் காய வைத்து, அடர்த்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு மிதவையைப் போட்டுப் பார்ப்பார்கள். போமே டிகிரி என்று அளவு. 1768-ல் இதைக் கண்டுபிடித்த அந்துவான் போமே ஒரு பிரெஞ்சுக்காரர். காரில் இருக்கிற ஈய-ஆசிட் பாட்டரியை 1859-ல் செய்த காஸ்தோன் பிளான்தேயும் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக்குப் பக்கத்து ஊரில் இந்த இருவரும் ஒரே திண்ணையில் சந்தித்தது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மாமாவின் டிகிரிக் கணக்கில் 1.14 என்பது சுமார் 18. "உப்பு கட்ட 25 வேணும். இது எங்க அளமா இருந்தா இன்னும் ரெண்டு பாத்தி தாண்டணும்" என்றார். முழுசாக சார்ஜ் ஏறிய பாட்டரியின் ஆசிட் 1.27. அதாவது 31 டிகிரிக்குப் பக்கம். உப்பு பூக்கிற 25 டிகிரி, அடர்த்தியில் 1.21. பாட்டரி ஏறக்குறைய பாதி காலியானால் நிற்கிற இடமும் அதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட சுலபமான ஞாபகக் குறிப்பு கிடையாது. ஆசிட்டில் 'உப்பு பூக்கிற அளவு' வந்தால் பாட்டுக் கச்சேரியை நிறுத்து!

(ஒரு எச்சரிக்கை... உப்பளக் குழாயை பாட்டரிக்குள் விடாதீர்கள். ஆசிட் கையில் பட்டால் தோல் போகும், கண்ணில் பட்டால் கண்ணே போகும். சீல் வைத்த பாட்டரிக்கு இந்த வைத்தியமே இல்லை. வோல்ட் மீட்டர்தான்.)

அந்த பாட்டரி பிழைக்கவில்லை. ஒரேயடியாக வற்ற விட்டால் ஈயத் தகட்டில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. புதுசு வாங்கினேன். வாங்கும்போது மனைவி கேட்டாள்: "இன்னும் அந்தப் பெட்டி வேணுமா?"

நான் பாட்டை விடுவதாக இல்லை. ஆனால் இந்தத் தடவை பேனா வாங்குகிற மாதிரி வாங்குவது என்று முடிவு செய்தேன். அண்ணன், மாமா, நான்... மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதினோம்.

வரவு என்பது ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகள் இன்னும் பழைய பாசத்தில் 'டைனமோ' என்பார்கள். இந்த சைஸ் கார்களில் அது 40-லிருந்து 55 ஆம்பியர் வரை தரும். அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். நாங்கள் வரவு 45 என்று வைத்துக்கொண்டோம்.

செலவு? ஒரு மழை ராத்திரி, குடும்பத்தோடு வருகிறேன் என்று வைத்தோம். ஹெட்லைட் இரண்டும் 55 வாட்ஸ் வீதம் 110, அதாவது 8, 9 ஆம்பியர். பின் விளக்கு, மீட்டர் விளக்கு 3. இக்னிஷன், பெட்ரோல் பம்பு, கம்ப்யூட்டர் சேர்ந்து 8. வைப்பர் 4. ஏ.ஸி. காற்றாடி 8. கம்ப்ரஸர் கிளட்சும் முன்னால் இருக்கிற விசிறியும் 11. கூட்டினால் 43!

"மிச்சம் ரெண்டு ஆம்பியர்" என்றார் அண்ணன். "இதுல உன் ஊஃபரை எங்க உக்கார வைக்கப் போற?"

மாமா தன் பாஷையில் சொன்னார்: "இன்ஜின் வெச்சுத் தண்ணி எடுத்து தெப்பத்துல விடுறோம். தெப்பத்துல இருந்து பாத்திக்குப் போவுது. இன்ஜின் எடுக்கிறதை விடப் பாத்தி அதிகமா குடிச்சா, கொஞ்ச நேரம் தெப்பம் தாங்கும். அப்புறம்?" பாட்டரி தெப்பம், ஆல்டர்னேட்டர் இன்ஜின். நான் இங்கிலீஷ் புஸ்தகத்தில் மூன்று பக்கம் படித்துப் புரியாதது இதில் புரிந்தது. பெரிய பாட்டரி போட்டால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தெப்பத்தைப் பெரிதாக வெட்டினால் தண்ணீர் பெருகுமா?

வெயில் பகலில், ஏ.ஸி. இல்லாமல், மழை இல்லாமல் போனால் செலவு 10-க்குள்தான். அப்போது பாட்டுக்குத் தாராளம். ஆனால் கணக்கு என்பது கஷ்டமான நாளுக்குப் போடுவது. விசிறியும் கம்ப்ரஸரும் விட்டு விட்டுத்தானே ஓடும் என்பதால், பாட்டுக்கு சராசரி 5 ஆம்பியர் என்று ஒதுக்கினோம்.

இப்போது என் 1200 வாட்ஸுக்கு வருவோம். அண்ணன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி அதன் ஃப்யூஸைக் காட்டினார். 25 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 13.8 வோல்ட். பெருக்கினால் 345 வாட்ஸ். அது உள்ளே போவது. பழைய டைப் ஆம்ப்ளிஃபையரில் பாதி சூடாகப் போய்விடும். வெளியே வருவது 170! மீதி ஆயிரத்து முப்பது வாட்ஸ் ஸ்டிக்கரில் இருக்கிறது.

இதே மாதிரிதான் ஸ்டீரியோ பெட்டி மேல் '50 வாட்ஸ் x 4' என்று போட்டிருப்பதும். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படி உச்சம் 26 வாட்ஸ். நடைமுறையில் பதினைந்து, பதினெட்டு. வீட்டு டேப் ரெக்கார்டர் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று மின்னிய காலம் ஞாபகம் இருக்கிறதா? அதே குடும்பம்தான். கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" பையன் தலையைச் சொறிந்தால் ஃப்யூஸைப் பாருங்கள்.

சரி, வாட்ஸ் குறைந்தால் சத்தம் குறையாதா? இங்கேதான் எனக்கே ஆச்சரியம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் ஸ்பீக்கர் அட்டையில் 'சென்ஸிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபெல் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால், பாதி கரன்டில் அதே சத்தம்! பானெட்டில் ஒரு ஸ்க்ரூ கூடத் தொட வேண்டாம். இந்த எண்ணை எந்தக் கடையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆக, ஊஃபர் பெட்டியை விற்றேன். (பாதி விலைதான். வாங்கின பையன் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்கினான். நான் உண்மையைச் சொன்னேன், அவன் நம்பவில்லை!) முன் கதவுகளுக்கு நல்ல சென்ஸிட்டிவிட்டி உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர். சீட்டுக்கு அடியில் புத்தக சைஸில் 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபையர், பக்கத்துக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இந்த ரகம் சுமார் 80 சதவிகிதம் கரன்டைச் சத்தமாக மாற்றும். முழுசாக அலறினாலும் 9 ஆம்பியர். பாட்டு என்பது ஒரே சீராக அலறுவதில்லையே, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 3. ஸ்டீரியோவுக்கு ஒன்றரை, இரண்டு. எங்கள் 5 ஆம்பியருக்குள் அடங்கிவிட்டது.

பேஸ்? அதைக் கதவில் தேடினோம். மாருதி கதவைத் திறந்து உள்பக்க அட்டையைக் கழற்றினால் நிறைய ஓட்டை. ஸ்பீக்கரின் முன்பக்கத்துக் காற்றும் பின்பக்கத்துக் காற்றும் அந்த ஓட்டை வழியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். போவது முதலில் பேஸ்தான். தார் ஷீட் ஒட்டி, ஓட்டைகளை மூடி, தண்ணீர் வடிகிற துளையை மட்டும் விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அது தவிர, சின்ன வண்டிக்கு ஒரு வரம் உண்டு. மூடிய சின்ன அறையில் தாழ்ந்த ஸ்வரங்கள் தானாகவே தடித்துக் கேட்கும். பெரிய கார்க்காரன் வாங்க வேண்டியது நமக்கு ஓசி!

"ஒரு கெப்பாசிட்டர் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஆபீஸில் ஒரு நண்பர் அடம்பிடித்தார். டப்பா மாதிரி பளபளவென்று இருக்கும், 1 ஃபாரட். கணக்குப் போட்டோம். 14.4 வோல்ட்டிலிருந்து 12 வரை இறங்கும்போது அது கொடுப்பது சுமார் 32 ஜூல். 300 வாட்ஸ் இழுக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு அது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரும். ஒரு 'டம்'முக்கு ஆகும், அடுத்த 'டம்'முக்கு அதையும் இதே ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். நண்பர் இப்போதும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழைய வேலையில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தார்கள். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர். அதில் 25 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் காலி. இப்போது 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். அதே கரன்ட் ஓடினாலும் கால் வோல்ட் கூட இழக்காது. ஃப்யூஸை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அது ஆம்ப்ளிஃபையரைத்தான் பார்த்துக்கொள்ளும். வழியில் ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டால்? பாட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் இறங்கித் தீப்பிடிக்கும். என் ஒயர் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. தோல் பாதி தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மூணேகால் மணி சத்தம் பரவாயில்லை என்று தோன்றியது. பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ், ஓட்டைக்கு ரப்பர். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு இரண்டு பேர் பிரியாணி.

எங்கள் கடற்கரைக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. உப்புக் காற்று. எர்த் ஒயரை பெயின்ட் மேல் ஸ்க்ரூ போட்டு முறுக்கினால், மூன்று மாதத்தில் அடியில் துரு பூத்துவிடும். ஸ்பீக்கர் கரகரக்கும், ஆம்ப்ளிஃபையர் விட்டு விட்டு வேலை செய்யும், நாம் ஸ்டீரியோவைத் திட்டுவோம். பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று தகரம் தெரிந்த பிறகு லக் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பாட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் ஆப்பசோடா கரைத்த சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து வாஸ்லின். ஸ்பீக்கர் வாங்கும்போது காகிதக் கோனை விட்டு பிளாஸ்டிக் கோன். இதெல்லாம் அம்பத்தூர்க்காரருக்கு அவ்வளவு முக்கியமில்லை. மரக்காணம், கோவளம், தூத்துக்குடிக்காரர்கள் கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் அண்ணன் பாட்டரி முனையில் மல்ட்டிமீட்டரை வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் 12.6. இன்ஜின் ஓடும்போது 14.1. ஹெட்லைட், ஏ.ஸி., பாட்டு எல்லாம் போட்டு நின்ற இடத்தில் 13.2. "பதிமூணுக்குக் கீழ வந்தா தெப்பத்துல இருந்து எடுக்குறேன்னு அர்த்தம். அப்ப சவுண்டைக் குறை." பழைய கச்சேரியில் இதே சோதனை செய்திருந்தால் 12-ல் நின்றிருக்கும். ஹெட்லைட் பாட்டுக்குத் தகுந்த மாதிரி மங்கி மங்கி எரிந்ததே... நான் அதை டிஸ்கோ என்று நினைத்தேன்.

இன்ஜின் ஆஃப் செய்துவிட்டுப் பாட்டுக் கேட்கலாமா? கேட்கலாம். 35 ஆம்பியர்-அவர் என்பதே, 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் வருகிற கணக்கு. 5 ஆம்பியர் இழுத்தால் அவ்வளவு தாங்காது. பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது. கடைசியில் செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் ஒரு உதை வேண்டுமே! கணக்குப்படி இரண்டரை மணி நேரம் வரலாம். பாட்டரிக்கு வயசாகும், எங்கள் ஊர் வெயிலில் சீக்கிரமே ஆகும் என்பதால், நான் முக்கால் மணி என்று வைத்திருக்கிறேன். மனைவி அரை மணி என்று வைத்திருக்கிறாள். ஜம்ப்பர் ஒயர் டிக்கியில் இருக்கிறது. இப்போது இடமும் இருக்கிறது.

அந்தக் குழந்தைக்குப் போன மாதம் முதல் பிறந்தநாள். பூமீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு என் வண்டியில்தான் போனோம். அப்பாக்காரர் துபாயிலிருந்து வந்திருந்தார். முன் சீட்டில் மாமா. சாவியைத் திருகும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்ஃப் ஒரே தடவையில் எடுத்தது. உப்பளச் சாலையில் திரும்பியதும் நான் மெல்ல ஒரு பழைய பாட்டைப் போட்டேன். கதவிலிருந்து தபேலா தனித்தனியாக, சுத்தமாக வந்தது. யாராவது பாராட்டுவார்கள் என்று கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "கொஞ்சம் சவுண்டைக் கொற. கொழந்தை தூங்குது."